அடியில் வைத்த மதிப்பெண் பட்டியல்

மதுரையில் ஒரு பெரிய கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டில் ஓர் இடம் காலியானது. நான் அப்போது ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் சோதனை அறையில் வேலை பார்த்துக்கொண்டே, பக்கத்துச் சிறிய கல்லூரியில் முதலாண்டை முடித்திருந்தேன். அங்கே லேப் என்றால் ஒரு தராசு, ஒரு பழைய பி.எச். மீட்டர். மதுரைக்கு மாறினால்தான் இந்தத் துறையில் மேலே போக முடியும்.

முதலாண்டு மதிப்பெண் நன்றாக இருந்தது. பயமெல்லாம் பி.எஸ்சி. மதிப்பெண் பட்டியலைப் பற்றித்தான். ஒன்பது அரியர், மூன்றாம் வகுப்பு.

எங்கள் கம்பெனியில் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் கட்டும் பிரிவின் போர்மேன் அண்ணாச்சி யோசனை சொன்னார்.

“ஏலே, பாக்ஸ் எப்படிலே அடுக்குறோம்? பகட்டா இருக்கறது மேல, ஓலைவெடி அடியில. பைலையும் அப்படிக் கட்டு. படிச்சவுக அம்புட்டுத் தூரம் தோண்ட மாட்டாக.”

அப்படியே கட்டினேன்.

மதுரையில் நேர்காணல் நடத்திய துறைத்தலைவர், பட்டாசு ஊரான சாத்தூர்ப் பக்கத்து அம்மா. பைலை வாங்கியதும் கவிழ்த்துப் போட்டு அடியிலிருந்து பிரித்தார்.

“எந்த ஊரு?”

“ஏழாயிரம்பண்ணை, மேடம்.”

“அதான் கிஃப்ட் பாக்ஸா கட்டிக் கொண்டாந்திருக்கீக. எங்க வீட்ல அடியிலயிருந்துதான் பிரிப்போம்.”

அவர் சிரிக்கவில்லை. அரியர்களை விரலால் தொட்டு எண்ணினார்.

“ஒம்பதும் நவம்பர் பரீட்சை. ஏப்ரல்ல ஒண்ணுகூட இல்ல. ஏன்?”

“சீசன், மேடம். பி.எஸ்சி. படிக்கும்போதும் பட்டாசுக் கம்பெனி வேலைதான். தீபாவளி வரைக்கும் லோடு போய்க்கிட்டே இருக்கும். பாதி நாள் வகுப்புக்குப் போகல.”

“இதை ஏன் எழுதல?”

அவர் சாக்பீஸை நீட்டினார்.

“அலுமினியக் கலவையில ஈரம் ஏறுனா ஏன் தானாச் சூடாகுது? எழுதுங்க.”

கம்பெனியில் தினமும் பயந்து பயந்து சோதித்த விஷயம் அது. கரும்பலகை நிறைய எழுதினேன். ஒரு சமன்பாட்டைத் தப்பாகச் சமப்படுத்தியிருந்தேன்.

“இதுக்கும் சீசன்தான் காரணமோ?” என்றபடி அவரே அழித்துத் திருத்தினார்.

பதினோரு நாள் சரியாகத் தூங்கவில்லை. பிறகு சேர்க்கைக் கடிதம் வந்தது. அதன் அடியில் கையால் ஒரு வரி: ‘நவம்பரில் ஒரு தாளில் தவறினாலும் இடம் இல்லை.’ அந்த வருடம் சீசனுக்கு நான் கம்பெனிக்குப் போகவில்லை. எல்லாத் தாளிலும் தேறினேன்.

இப்போது ஒரு சோதனைக்கூடத்துக்கு ஆள் எடுப்பது என் வேலை. விண்ணப்பிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மோசமான பட்டியலை மேலே வையுங்கள், காரணத்தைப் பக்கத்திலேயே எழுதுங்கள். நானும் பைலைக் கவிழ்த்துத்தான் பிரிக்கிறேன்.