சிவப்பு மையில் ஒரு கூரை

என் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது. அதன் கதை சுருக்கமாக இவ்வளவுதான்:

1. கட்டடத்தின் நடுவே வானம் பார்த்த முற்றம் ஒன்றை வரைந்தேன்.
2. பொறுப்பு அதிகாரி அதன் மேல் சிவப்புப் பேனாவால் கூரை போட்டார்.
3. கூரையை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன்.
4. அவர் மறுபடியும் போட்டார்.
5. மழை வந்தது.

கிள்ளானில் கட்டவிருந்த அரசு சேவை மையத்துக்கு இந்தியப் பாரம்பரியச் சாயல் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வாசலில் ஒரு கோபுரம் வைத்தால் போதும் என்றார்கள் சிலர். எனக்கு அது கேக் மேல் வைக்கும் பொம்மை போலப் பட்டது. கட்டடக்கலை படித்தபோது காரைக்குடியில் ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். சட்டென்று மழை பிடித்துக்கொண்டது. நான்கு பக்கக் கூரையிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் இறங்க, தூண்களுக்குப் பின்னால் நனையாமல் நின்றேன். அரசு அலுவலகத்தில் நம்பர் எடுத்துக் காத்திருப்பவர்களுக்கு அந்தக் காற்றும் வெளிச்சமும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பூச்சோங்கில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள் நான். மழை எனக்கு ஜன்னலுக்கு வெளியே நடக்கும் விஷயம்.

அந்தத் திட்டத்தின் பொறுப்பு அதிகாரியை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லும் நகராது. தேநீரைச் சர்க்கரை இல்லாமல்தான் குடிப்பார். "வாயில இனிப்பு இருந்தா கையெழுத்து ஈஸியா வந்துடும் லா" என்பார்.

இரண்டாவது தடவை கூரை போட்ட தாளோடு அவரிடம் போனேன். "முற்றம்தான் அக்கா இந்தக் கட்டடமே. அதை மூடினா மிச்சம் வெறும் பெட்டி."

"பெட்டின்னா நனையாதுல்ல?" என்றார், சிரிக்காமல். பிறகு பேனாவை மூடி வைத்தார். "நான் இந்தக் கிள்ளான் பண்டமாரான்காரி மா. வெள்ளம் வந்தா அப்பா டிவிய அலமாரி மேல ஏத்துவாரு, அம்மா அரிசி மூட்டைய கட்டில் மேல ஏத்துவாங்க. தண்ணி போனப்புறம் சேறு வழிச்சே ஸ்கூல் லீவு முடிஞ்சிடும். நீ என்னடான்னா கூரையில ஓட்டை போட்டு, மழைய உள்ள வா வான்னு கூப்பிடுற."

நான் அழகு என்று வரைந்த தண்ணீர், அவர் வீட்டில் சாமான்களை மேலே ஏற்றவைத்த தண்ணீர். காரைக்குடி வீட்டின் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன், இம்முறை தரையிலிருந்து தொடங்கி. தெருவைவிட வீடு உயரம். வீட்டைவிட முற்றம் தாழ்வு. மூலையில் தண்ணீர் வெளியேற ஒரு துளை. அன்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதில் அதைக் கவனிக்கவே இல்லை. கட்டடத்தின் தரையை உயர்த்தினேன், முற்றத்துக்குப் படிகள் இறக்கினேன், மூலையில் வடிகால் வைத்தேன்.

அக்கா புதுப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு வடிகால் மேல் விரலை வைத்தார். "இந்த லோங்காங் அடைச்சுக்கிட்டா?"

"அடைக்காது அக்கா. சல்லடை போட்டிருக்கு."

"அதான் முதல்ல அடைக்கும் லா."

எதிர் மூலையில், சற்று உயரத்தில், இன்னொரு வடிகாலைச் சிவப்பு மையில் வரைந்தார். கூரை வரையவில்லை. கையெழுத்துப் போட்டார்.

கட்டடம் திறந்த பிறகு பெய்த முதல் பெருமழையன்று அக்கா வந்தார். கைப்பையிலிருந்து ரப்பர் சிலிப்பரை எடுத்து மாட்டிக்கொண்டார். நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து முற்றத்தின் ஓரத்துக்கு வந்தார்கள். ஓர் அங்கிள் தன் நம்பர் வந்ததையும் மறந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா மழையைப் பார்க்கவில்லை, மூலையைப் பார்த்தார். பக்கத்து மரத்து இலைகள் சல்லடையை மூடிவிட்டிருந்தன. தண்ணீர் கீழ்ப்படியில் ஏறியது. எதிர் மூலை வடிகால் இழுக்கத் தொடங்கியதும் ஏறிய தண்ணீர் அங்கேயே நின்றது, பிறகு மெல்ல இறங்கியது.

"சொன்னேன்ல" என்றார் அக்கா. ஆனால் மழை விடும்வரை சிலிப்பரைக் கழற்றவில்லை.

இப்போது அவர் மாற்றலாகிச் சிரம்பானில் இருக்கிறார். கிள்ளானில் மழை என்று கேள்விப்பட்டால் 'தண்ணி எத்தனை படி?' என்று மெசேஜ் வரும். போய்ப் பார்த்துப் பதில் போடுவேன். சுவரில் தொங்கும் படத்தில் அவருடைய கூரை இருக்கிறது, கட்டடத்தில் இல்லை. முதல் வடிகால் இன்னும் இலையால் அடைத்துக்கொள்கிறது. இரண்டாவதில் தண்ணீர் ஓடுகிறது.