பத்துக்கு அப்புறம் பன்னிரண்டு

நான் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். புத்தகங்களைத் தடை செய்கிற ஓர் அரசாங்கத்தைப் பற்றி நாவல் எழுதினேன். நாடு கற்பனை, அரசாங்கம் கற்பனை, பயம் மட்டும் சொந்தம். எழுதி முடிக்க மூன்று கோடை விடுமுறை ஆனது.

அதில் பதினோராவது அத்தியாயத்தை நான் எழுதினேன் என்று சொல்ல முடியாது. மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் கூலி வேலை பார்க்கும், எழுத்தே தெரியாத ஒரு பெண், கேப்பைப் பானைக்குள் ஒளித்து வைத்த புத்தகத்தோடு பிடிபடுகிறாள். எரிக்க வந்த அதிகாரியிடம், "எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க படிச்சவரு. இதுல என்னா எழுதிக்கிதுன்னு சொல்லிட்டு அப்பறமா கொளுத்துங்க" என்கிறாள். அவர் அதைப் படித்ததே இல்லை. அவள் பேச்சு முழுக்க, முகையூர்ப் பக்கத்தில் பிறந்த என் மனைவி அடுப்படியில் நின்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது. நாவலில் உருப்படியான இடம் அது ஒன்றுதான்.

விழுப்புரத்தில் அச்சுக்குக் கொடுத்துவிட்டு, திண்டிவனத்தில் வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்தேன். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும். மனு எழுதித் தருபவரிடம் போனேன். கேட்காத காகிதத்தையும் இணைத்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. பட்டா மாற்றப் போனவருக்குக் கல்யாணப் பத்திரிகையை இணைத்துக் கொடுத்தவர்.

"புக்கு விழாவா? அந்தப் புக்கையும் வெச்சிடுங்க சார். அவங்க கேட்டு, அப்பறம் நீங்க அலைஞ்சிக்கினு இருந்தா பேஜாரு. முன்னாடியே குடுத்துட்டா ஜல்தியா முடியும்."

நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து, அச்சகம் தந்த மெய்ப்புப் பிரதியை ஓர் இன்ஸ்பெக்டர் படிப்பதுபோல் படித்தேன். பத்து அத்தியாயம் வரை இன்ஸ்பெக்டருக்கு ஆட்சேபம் இல்லை. பதினொன்றில் அவர் முகம் மாறியது. வேலை போய்விடுமோ என்று எனக்கு வியர்த்தது. அச்சகத்துக்குப் போன் போட்டு, அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு அச்சடிக்கச் சொன்னேன். மனைவியிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம், பதினொன்றை உருவிய மெய்ப்பை மனுவோடு காவல் நிலையத்தில் நீட்டினேன். ஏட்டு அதைக் கையில் எடை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எதுக்கு சார்? மைக் செட்டு எத்தினி மணிக்கு நிறுத்துவீங்க, அத்த மட்டும் எழுதுங்க."

எட்டு மணி என்று எழுதினேன். வெளியே வந்து அச்சகத்தைக் கூப்பிட்டால், பைண்டிங்கே முடிந்து கட்டுக் கட்டிவிட்டோம் என்றார்கள்.

அத்தியாய எண்களை மாற்றச் சொல்ல மறந்திருந்தேன். பத்துக்கு அப்புறம் பன்னிரண்டு. இதில் நான் கணக்கு வாத்தியார். விழாவில் பேசிய பேராசிரியர், தடை செய்யப்பட்ட அத்தியாயத்தை விடுபட்ட எண்ணாலேயே உணர்த்திய நுட்பத்தை மெச்சினார். துணிச்சல் என்ற சொல்லை நான்கு முறை சொன்னார். பொன்னாடை போர்த்தினார்கள், குனிந்து வாங்கிக்கொண்டேன். முதல் வரிசையில் என் மனைவி பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

கிளியனூருக்குத் திரும்பும் பஸ்ஸில் கேட்டாள்.

"போலீஸ்ல எடுக்கச் சொன்னாங்களா?"

"இல்ல."

"படிச்சாங்களா?"

"பிரிக்கவே இல்ல."

புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தாள்.

"கதையில வர்ற அந்த ஆபீசராவது, அவ பேசி முடிக்கிற வரைக்கும் நின்னு கேட்டாரு" என்றாள்.