ரங்கத்தில் இறங்கிய ஹெலிகாப்டர்

ஷோபனா போர்ட் பிளேயருக்கு எதிர்க்கரையான பாம்பூஃப்ளாட்டில் பிறந்தவள். தினமும் படகேறிப் போய் நர்சிங் படித்தாள். வேலை கிடைத்தது என்னவோ தீவுகளின் வடகோடியில், டிக்லிப்பூர் ஆஸ்பத்திரியில். அங்கே வைத்துப் பார்க்க முடியாதவர்களை ஹெலிகாப்டரில் போர்ட் பிளேயருக்குக் கூட்டிப்போவது நாளடைவில் அவள் வேலையாகிவிட்டது. இத்தனைக்கும் மேலே ஏறினாலே அவளுக்குக் குமட்டும். வாயில் ஒரு துண்டு புளியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

வான்வழியே நூற்றெண்பது கிலோமீட்டர். ஒரு மணி நேரப் பயணம். சாலையில் முந்நூறுக்கு மேல். காட்டையும் உப்பங்கழியையும் தாண்டிப் போக வேண்டும். விடியுமுன் கிளம்பும் பஸ் போய்ச் சேர இருட்டிவிடும்.

போன ஜூனில் உமா மகேஸ்வரி என்ற கர்ப்பிணிக்கு எட்டாம் மாதத்தில் ரத்தப்போக்கு. ஹெலிகாப்டர் காலையில் வரும், நோயாளியும் நர்ஸும் மட்டுமே ஏறலாம் என்றார்கள். அவள் கணவன் வினோத்குமார் விடியுமுன்பே போர்ட் பிளேயர் பஸ்ஸில் கிளம்பிவிட்டான்.

ஹெலிகாப்டர் மேலெழும்பி அரை மணி ஆகியிருக்கும். தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பைலட் திரும்பிப் பார்த்து இந்தியில் சொன்னார்: முன்னால் போக வழியில்லை, பாதி வழியிலுள்ள ரங்கத் ஊரில்தான் இறங்க வேண்டும்.

"வந்துட்டோமா சிஸ்டர்?" என்றாள் உமா, கண்ணைத் திறக்காமல்.

"ரங்கத் வந்துட்டோம். இங்கேயும் டாக்டர் இருக்காங்க."

ரங்கத் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இனிமேல் எங்கேயும் அனுப்ப முடியாது, இங்கேயே ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். ஆனால் கையிருப்பு ரத்தம் போதாது. இதே வகை ரத்தம் உள்ளவர் யாராவது உடனே வேண்டும்.

ஷோபனாவுக்கு வினோத்தின் நினைவு வந்தது. முந்தின நாள் டிக்லிப்பூரில் அவனுக்கு ரத்தம் பார்த்தவள் அவள்தான். இருவருக்கும் ஒரே வகை. போன் போட்டாள், சிக்னல் கிடைக்கவில்லை. டிக்லிப்பூரிலிருந்து வரும் பஸ் ரங்கத் பஜாரில்தான் சாப்பிட நிற்கும். அங்கிருந்து கிளம்பிவிட்டால் அப்புறம் காட்டுக்குள் பிடிக்க முடியாது.

ஆட்டோவில் ஓடினாள். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. மழையில் நனைந்தபடி குறுக்கே போய் நின்றாள்.

"க்யா ஹுவா, சிஸ்டர்?" என்ன ஆச்சு என்று இந்தியில் கத்தினார் கண்டக்டர்.

"பையா, ஏக் மினிட்!" என்று அவரை ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னவள் ஜன்னல்களைப் பார்த்துக் கூப்பிட்டாள். "வினோத்! இறங்குங்க!"

வினோத் படியில் வந்து நின்றான். உமாவோடு ஹெலிகாப்டரில் போனவள் நடுவழியில் நிற்கிறாளே என்று பார்த்தவன் முகம் வெளுத்துவிட்டது. "உமா... போயிட்டாளா?"

"இல்லை. இங்கேதான் இருக்கா. உங்க ரத்தம் வேணும், வாங்க."

அவன் பையை எடுக்கக்கூட உள்ளே போகவில்லை. கண்டக்டர்தான் அதை ஜன்னல் வழியாக நீட்டினார்.

சாயங்காலத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, அழுகையும் மெல்லிசுதான். உமாவுக்கு நினைவு திரும்ப நேரமானது. வினோத் கட்டுப் போட்ட கையோடு வாசலில் உட்கார்ந்து, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும், "நான் பஸ்ஸில் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஷோபனா அன்றிரவு ரங்கத்திலேயே தங்கினாள். மறுநாள் ஹெலிகாப்டர் வடக்கே வரவில்லை. டிக்லிப்பூர் பஸ்ஸில் ஏறினாள், உட்கார இடமில்லை. பாதி வழியிலிருக்கும் மாயாபந்தர் வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள்.