டைலருக்குப் பக்கத்து இருக்கை

போன வாரம் கிரீன் கார்டு வந்தது. முதல் வேலையாக ஒரு டப்பா டென்னிஸ் பந்து வாங்கினேன். மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று ரப்பர் வாசனை. கூடவே டைலரும் நினைவில் வந்துவிட்டான்.

பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் நான்கு பேச்சிலர்கள் ஒரே அபார்ட்மெண்டில் இருந்த காலம். சனிக்கிழமை காலையில் டென்னிஸ் கோர்ட்டில் கிரிக்கெட் ஆடுவோம். பந்தின் மேல் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். மாடி வீட்டு அமெரிக்கன் டைலர் டென்னிஸ் ராக்கெட்டோடு பொறுமையாகக் காத்து நிற்பான். ஊர் ஊராக டோர்னமெண்ட் ஆடுகிற தொழில்முறை ஆட்டக்காரன். டோர்னமெண்ட் ஞாயிறு வரை நடக்கும்; சனிக்கிழமை அங்கே நின்றால் முன்பே தோற்றுவிட்டான் என்று அர்த்தம். அநேகமாக எல்லாச் சனிக்கிழமையும் நிற்பான். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அவ்வளவு நல்லவன் நான்.

கோயம்புத்தூரில் காலேஜ் டீமுக்கு ஆடியவன் என்பதால் அவனோடு ஆட ஆரம்பித்தேன். சும்மா சொல்லக்கூடாது, சில நாள் திணறடித்திருக்கிறேன். ஆனால் திங்கட்கிழமை நான் ஆபீஸுக்கு ரயிலைப் பிடிக்கவேண்டும், அவன் காரை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுவான். அவன் தோற்ற ஆட்டங்களின் மேல்கூட எனக்குப் பொறாமை. யாரையும் கேட்காமல் போய்த் தோற்றுவிட்டு வந்தான்.

தோள்பட்டை போனதும் ஒரு சின்ன கல்லூரியில் கோச் ஆனான். அசிஸ்டண்டாக வருகிறாயா, சாயங்காலம் மட்டும், சம்பளம் கிடையாது என்று என்னைக் கேட்டான்.

அறை நண்பன் செந்தில் பதறிவிட்டான். "டேய், நம்ம விசாவுல கம்பெனிய விட்டா வேற எங்கயும் வேலை பண்ணக்கூடாது. சும்மா பண்ணினாலும் வேலைதான்டா. எவனாவது போட்டுக்கொடுத்தா விசா காலி."

எந்த வக்கீலையும் நான் கேட்கவில்லை. செந்தில் சொன்னதே போதுமாக இருந்தது. கிரீன் கார்டு வந்ததும் வருகிறேன், ரெண்டே வருஷம் என்று டைலரிடம் சொன்னேன். பதினான்கு வருஷம் ஆயிற்று.

நேற்று அந்தக் கல்லூரியின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். தொப்பை போட்ட டைலர், கையில் வெற்றிக் கோப்பை. பக்கத்து இருக்கையில் யாரோ ஒருவன், அசிஸ்டண்ட் கோச். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கீங்க? அந்த ஆளு உங்களுக்கு என்ன பண்ணாரு?" என்றாள் மனைவி.

டைலர் ஒன்றும் பண்ணவில்லை. எனக்காக ரெண்டு சீசன் அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தான். 

இன்று பழைய அபார்ட்மெண்ட் காம்ப்ளெக்ஸுக்கு டிரைவ் பண்ணிப் போனேன். டென்னிஸ் கோர்ட் இல்லை. பிக்கிள்பால் என்ற சின்ன மட்டை ஆட்டத்துக்காக நான்காகப் பிரித்துக் கோடு போட்டிருக்கிறார்கள். பந்து டப்பாவோடு வேலிக்கு வெளியே நின்றேன். இனி எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், கூப்பிடத்தான் ஆள் இல்லை.