தண்ணீர் பாட்டிலில் வைத்த பொட்டு

எங்கள் சித்தப்பா ஓசூரில் என்ஜின் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். அதனால் எங்கள் குடும்பத்தில் சுழல்கிற பொருள் எதுவானாலும் அதைப் பற்றிய கடைசி வார்த்தை அவருடையதுதான். மிக்சி நின்றுபோனாலும் அவருக்குத்தான் போன் போகும். வந்து, காதை வைத்துக் கேட்டு, தீர்ப்புச் சொல்வார். அது பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கச் சொல்லும் தீர்ப்பாகவே இருக்கும்.

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் அவர் அப்படித் தூக்கிப் போடச் சொன்னது அம்மாவின் வேனை.

குந்தாரப்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு அம்மா தினமும் காலையில் ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு ஓட்டிப் போவாள். அதற்கு முன் ஒன்பது வருஷம் அதே கம்பெனியில், அதே பெண்களோடு, எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்தவள். கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்த பிறகுதான் டிரைவிங் கற்றுக்கொண்டு இந்தப் பழைய வேனுக்கு வந்தாள். வேன் போய்விட்டால் மறுபடியும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். இரவில் அந்தக் கால்களுக்குத் தைலம் தேய்த்தவள் நான்தானே.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் சூளகிரி மேட்டில் வேன் சூடேறிப் புகை கக்கி நின்றது. கட்டி இழுத்து வந்தார்கள். சித்தப்பா எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி ஏதோ அப்பியிருந்தது. அளவு பார்க்கும் கம்பியை உருவினால் பால் காப்பி நிறத்தில் எண்ணெய்.

"ஹெட் கேஸ்கட் போயிருச்சு அண்ணி. ரேடியேட்டர் தண்ணி எண்ணெயில கலந்துருச்சு" என்றார்.

இந்த முறை தூக்கிப் போடச் சொல்லவில்லை. லீவு போட்டு என்ஜினின் மேல்பாகத்தைக் கழற்றினார், கிருஷ்ணகிரி பட்டறையில் கொடுத்துச் சமன்செய்தார், தண்ணீரையும் எண்ணெயையும் பிரித்து வைக்கும் அந்தக் கேஸ்கட் தகட்டைப் புதிதாக வைத்துப் பூட்டினார். எண்ணெயும் தண்ணீரும் மாற்றி, பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஸ்டார்ட் செய்து, இரண்டே நிமிஷத்தில் அணைத்தார். கம்பியை உருவினால் மறுபடியும் அதே பால் காப்பி.

சித்தப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "என்ஜின் பிளாக்கே வெடிச்சிருக்கு. இனிமே இது ஆவாது. அத்திப்பள்ளியில பழைய வண்டி எடுக்கறவர் ஒருத்தர் இருக்கார். பூஜை முடிஞ்ச மறுநாள் வரச் சொல்றேன்" என்றார். பூஜை லீவு முடிந்து கம்பெனி திறக்கும்போது எங்கள் வேன் வராவிட்டால் வேறு வண்டி போட்டுவிடுவதாக அங்கேயும் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் ஆயுத பூஜை. சித்தப்பாவின் ஸ்பேனர்கள் முழுவதும் சாமி முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. சந்தனம், குங்குமம், பொரி, கடலை. விற்கப் போகும் வண்டிக்கும் பூஜை உண்டு. அம்மா என் கையில் குங்குமக் கிண்ணத்தைக் கொடுத்து வேனுக்குப் பொட்டு வைக்கச் சொன்னாள். சக்கரம், ஸ்டியரிங், கண்ணாடி எல்லாவற்றுக்கும் வைத்தேன். ரேடியேட்டரோடு சேர்ந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கண்ணில் பட்டது. வெள்ளையில் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்று அதற்கும் ஒன்று வைத்தேன். சரியாகத் தண்ணீர் நிற்கிற கோட்டில். இதில் எனக்கு எந்த விஞ்ஞான நோக்கமும் கிடையாது.

சாம்பிராணி காட்டி முடித்த அம்மா வேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சித்தப்பாவைக் கேட்டாள்:

"ஏந்தம்பி, களி கிண்டுன சட்டிய ஒரு தண்ணி ஊத்திக் கழுவுனா போவுமா? நீங்க எண்ணெய ஒரு தடவதான மாத்தினீங்க? உள்ள ஒட்டிக்கிட்டிருக்கறது புது எண்ணெயில கரைஞ்சிருக்கலாம் இல்ல?"

"அதெல்லாம் இல்ல அண்ணி. அப்படியே இருந்தாலும் இன்னிக்கு ஒண்ணும் பண்ண முடியாது. பூஜையில வச்ச சாமானத் தொட்டா ஆவாது" என்று சொல்லிவிட்டு, பொரிப் பொட்டலத்தோடு தன் கம்பெனிப் பூஜைக்குக் கிளம்பிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா சேலையை இழுத்துச் செருகினாள். "வேலதான்டி செய்யக் கூடாது. கழுவலாமில்ல? கழுவறதுக்குத்தான இந்தப் பண்டிகையே" என்றாள். சாஸ்திரம் தெரிந்தவர்கள் யாரும் அருகில் இல்லாததால் நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் கழுவவும் ஸ்பேனர் வேண்டும். பக்கத்து வீட்டில் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருந்தது. அவர்கள் ஸ்பேனருக்குப் பூஜை கிடையாது. "இதுக்கு என்னத்துக்குக்கா கேக்கிய, எடுத்துக்கிடுங்க" என்று அந்த அக்கா பெட்டியோடு தூக்கிக் கொடுத்தார்.

அம்மா வேனுக்கு அடியில் படுத்து எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினாள். அதன் அடியில் விரல் கனத்துக்குப் படிந்திருந்ததைப் பார்த்ததும் இரண்டு பேரும் கத்திவிட்டோம். அத்தனையும் கேழ்வரகுக் கூழ்! ஒரு தடவை எண்ணெய் மாற்றியதற்கு அது அசைந்துகூடக் கொடுக்கவில்லை. எண்ணெய் உறிஞ்சும் ஜல்லடையிலும் அதே கூழ். என் கைக்கு அடக்கமான பெயின்ட் பிரஷ்ஷை டீசலில் தோய்த்துத் தோய்த்து அதன் கண் ஒவ்வொன்றையும் தேய்த்தேன். பண்டிகைப் பாவாடை அன்றோடு ஒழிந்தது. அம்மா திட்டவே இல்லை.

தொட்டியின் விளிம்பில் கசியாமலிருக்கப் பசை தடவி மாட்டி, அது காய்ந்ததும் மலிவான எண்ணெய் ஊற்றி, வேனை நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் ஓடவிட்டு இறக்கினோம். டீ நிறத்தில் வந்தது. மறுபடி ஊற்றி, ஓடவிட்டு, இறக்கினோம். லேசாகக் கலங்கல். வேனில் கிடந்த மாற்று ஃபில்டரைப் போட்டு மூன்றாம் தடவை நல்ல எண்ணெய் ஊற்றினோம். ஓடவிட்டுக் கம்பியை உருவினால், அப்படியே தேன்! தெருவே கேட்கும்படி நான் குதித்தேன்.

மறுநாள் விஜயதசமி. நான் எழுந்தபோது அம்மா வழக்கம்போல் வாசல் தெளித்துவிட்டு, கையில் சொம்போடு வேன் பக்கம் நின்றிருந்தாள். சித்தப்பா வெள்ளை வேட்டியில், அத்திப்பள்ளிக்காரரோடு வந்தார். கம்பியை உருவிப் பார்த்தார். நாங்கள் எதிர்பார்த்த ஆச்சரியம் அவரிடம் வரவில்லை.

"புது எண்ணெய் ஊத்துனா முதல்ல நல்லாத்தான் இருக்கும். தண்ணி இன்னும் உள்ள போவுதா இல்லியான்னு எப்பிடித் தெரியும்?"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "சித்தப்பா! நேத்து காலையில தண்ணி இருந்த எடத்துலதான் பொட்டு வச்சேன். மூணு தடவ ஓடிருச்சு. இப்பவும் பொட்டுலயேதான் நிக்குது, பாருங்க!"

அவர் குனிந்து பார்த்தார். தண்ணீர் மயிரிழை பிசகாமல் பொட்டின் நேரே நின்றது. பொட்டு மட்டும் சற்றுக் கரைந்து கீழே வழிந்திருந்தது. சித்தப்பா அதை ஒரு விரலால் தொட்டார். அம்மாவைப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "சரிதான், தண்ணி நிக்குது. மேட்டுல ஏத்திப் பாத்துரலாம்" என்றார்.

சூளகிரி மேடு வரைக்கும் நான் பாடிக்கொண்டே போனேன். அம்மா என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. முள் பாதியைத் தாண்டவே இல்லை. மேடு ஏறி, திரும்பி, வீட்டு வாசலில் வந்து நின்றோம். சித்தப்பா முதலில் இறங்கிப் பாட்டிலைப் பார்த்து, தண்ணீர் இறங்கவில்லை என்று தலையை ஆட்டினார். வண்டி தரமாட்டீர்களா என்ற அர்த்தத்தில், "ஏனம்மா, காடி கொடல்வா?" என்று அத்திப்பள்ளிக்காரர் கேட்டார்.

"கொடல்ல!" என்று அம்மா கன்னடத்திலேயே சொன்னாள். அவ்வளவு உரக்க அவள் எந்த பாஷையிலும் பேசி நான் கேட்டதில்லை.

கம்பெனி திறந்த நாள் பன்னிரண்டு பெண்களும் ஏறினார்கள். அதன் பிறகு ஆறு வருஷம் அந்த வேன் ஓடியது. என் பொட்டால்தான் வேன் பிழைத்தது என்று அந்த ஆறு வருஷமும் நான் பீற்றிக்கொண்டேன். கேஸ்கட்டை எப்படி உட்கார வைத்தேன் என்று சித்தப்பா பீற்றிக்கொண்டார். அம்மா ஒன்றும் சொல்லிக்கொண்டதில்லை.

இப்போது நான் என்ஜின் சோதிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். தண்ணீரை முழுக்க வடித்துப் புதிதாக ஊற்றினால், முதல் சூட்டில் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறி மட்டம் இறங்கியே தீரும். ஒருமுறை நிரப்ப வேண்டும். அதற்கப்புறமும் இறங்கினால்தான் கோளாறு. இது எனக்கு வேலையில் சேர்ந்த முதல் மாதம் தெரிந்தது. அப்படியானால் அன்றைக்குத் தண்ணீர் பொட்டில் நின்றிருக்கவே முடியாது.

போன ஆயுத பூஜைக்கு அம்மாவிடம் கேட்டேன். சிரித்தாள்.

"ஒரு வெரக்கட கொறஞ்சிருந்துச்சு. சொம்புத் தண்ணிய ஊத்திட்டேன். காத்து கீத்தெல்லாம் எனக்கு என்னாடி தெரியும்? போனா மேட்டுல போவட்டும், வாசல்லயே நிக்க வேணாம்னு நெனச்சேன்."

"நல்லவேள, சித்தப்பாவுக்குத் தெரியல."

"தெரியலயா?" என்றாள் அம்மா. "மொத நாள் வச்ச பொட்டு மறுநாள் ஈரமா இருக்குமா? அதத் தொட்டுட்டுத்தான வேட்டியில தொடச்சாரு. நீயுந்தான பக்கத்துல நின்ன?"

நின்றேன். வெள்ளை வேட்டியில் அந்தச் சிவப்புக் கறையை நானும் பார்த்தேன். பூஜைக் குங்குமம் என்றுதான் நினைத்தேன்.