கலப்பையாய்ப் போன நங்கூரம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, 1958ஆம் வருஷம் ஆனி மாதம் என் வீட்டுக்காரர் ஞானமுத்து விஷக்காய்ச்சலில் விழுந்தார். நாங்கள் குத்துக்கல்வலசையில் விவசாயம் பார்க்கிறவர்கள். காய்ச்சல் முற்றி அவருக்கு ஆள் தெரியாமல் போயிற்று. நான் கஞ்சி ஊட்டினால், யாரோ எவளோ என்று பார்ப்பார். தென்காசி டாக்டர், "மருந்து குடுத்தாச்சும்மா. இனி அவரா ஆள் தெரிஞ்சு பேசணும். பேசிட்டார்னா பொழச்சுக்கிடுவாரு" என்றார். பேசாவிட்டால் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பண்டிகைப் பவனிக்கு எங்கள் மாதர் சங்கக் கொடியைத் தைக்கிற வேலை என் கையில் இருந்தது. கடையநல்லூர்த் தறியில் நெய்த சிவப்புத் துணி. நடுவில் வெள்ளைத் துணியில் நங்கூரம் வெட்டி வைத்துத் தைக்க வேண்டும். நங்கூரம் என்றால் நம்பிக்கைக்கு அடையாளம் என்று போதகர் ஐயா சொல்லியிருந்தார். வேறு யாரிடமாவது கொடுத்துவிடு என்று சங்கத்துப் பெண்கள் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. பிடிவாதக்காரி என்று ஏற்கெனவே எனக்குப் பேர். கட்டிலருகே உட்கார்ந்து, ஊசி குத்தும்போதெல்லாம் "ஆண்டவரே, அவர் வாயைத் திறந்தருளும்" என்று ஜெபித்தேன். அழுகை வந்தால் நிறுத்தி அழுவேன். பிறகு தைப்பேன்.

நான் கடலைப் பார்த்ததில்லை. நீளமான தண்டு, கீழே வளைவு, மண்ணுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் இரும்பு என்று ஐயா சொன்னதை வைத்துத்தான் வெட்டினேன். மண்ணுக்குள் இறங்குகிற இரும்பு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உபதேசியார் மனைவி வந்து விரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஏட்டி எஸ்தர், கலப்பையல்லா தச்சு வச்சிருக்க. பிரிச்சிட்டு வேற தை."

"பிரிக்க மாட்டேன்க்கா. இம்புட்டும் ஜெபிச்சுத் தச்சது."

அவர் போனதும் ரோஷத்தோடு கொடியைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். மறுநாள் மத்தியானம் குற்றாலத்துச் சாரல் எங்கள் ஓட்டுக்கும் வந்தது. என் வீட்டுக்காரர் கண் சுவரிலேயே நின்றது. உதடு அசைந்தது.

"ஏட்டி எஸ்தர், சாரல் விழுதுல்லா. கலப்பைய ஏன் சுவத்துல மாட்டிருக்க? எறக்கு."

என் பெயரைச் சொன்னார். நான் அப்படியே முழங்காலில் விழுந்து அழுதேன்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. பண்டிகையன்று அந்தக் கொடியின் கம்பை அவரே பிடித்துக்கொண்டு நடந்தார். அதைப் பிரிக்கச் சொல்லி அப்புறம் யாரும் பேசவில்லை. அதுவரை ஞாயிற்றுக்கிழமை வயல்தான் முக்கியம் என்றிருந்தவர், அதன்பின் ஒரு ஆராதனைக்கும் தவறியதில்லை.

பிற்பாடு தூத்துக்குடியில் நிஜ நங்கூரத்தை இருவருமாகப் பார்த்தோம். என் தையலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர், "நம்மளதுதான் நல்லாருக்கு" என்றார்.

அன்பானவர்களே, உங்கள் ஜெபமும் கோணலாகத் தெரியலாம். பார்க்கிறவர்கள் சிரிக்கலாம். பிரித்துவிடாதீர்கள். என் கோணல் தையலைக் கொண்டே என் வீட்டுக்காரரைக் கர்த்தர் எழுப்பினார்.