மேயருக்கு வாங்கிய பொன்னாடை

எங்கள் புறநகரின் மேயர் பதவியை விட்டு இறங்குகிறார், அவருக்கு ஒரு வாழ்த்து மடல் எழுதித் தர வேண்டும் என்று எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் வந்து நின்றார். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நான் வேலை செய்யும் புடைவைக் கடையில் அப்போது சனிக்கிழமைக் கூட்டம். ஊரில் நான் தமிழ் படிப்பித்தவள். அந்தப் பாவத்துக்கு இங்கே பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டு அழைப்பிதழ் முதல் மரண அறிவித்தல் வரை எல்லாம் என் தலையில்தான் விழும். "ரீச்சர், உங்களைவிட்டா ஆர் எழுதுறது?" என்று சொல்லி, மேயரின் வாழ்க்கைக் குறிப்பை நீட்டினார். பிரெஞ்சில் இரண்டு பக்கம். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த புடைவையை மடிக்காமலே மேசையில் போட்டேன்.

2009 கடைசியில் என் கணவருக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. நாங்கள் இருந்தது ஐந்தாம் மாடி, லிப்ட் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்து இரண்டு பேர் அவரைக் கதிரையில் வைத்துத் தூக்கி ஏற்றினார்கள். ஏறியவர் ஏறியவர்தான். வைத்தியரிடம் போகும் நாளைத் தவிர அவர் வீதியைக் கண்டதில்லை. லிப்ட் உள்ள வீடு கேட்டு நகரசபையில் விண்ணப்பம் போட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும், தவறினால் பெயர் வெட்டுப்படும் என்று தாளிலேயே எழுதியிருந்தது.

அடுத்து வந்த பொங்கல் விழாவுக்கு மேயர் வந்தார். ஒவ்வொரு வருஷமும் வருவார். பொன்னாடை போர்த்துவோம், மாலை போடுவோம், அவர் கைகூப்பி "வணக்கம்" என்பார், மண்டபம் உருகிப்போகும். தலைவர் என்னை முன்னால் தள்ளி விஷயத்தைச் சொல்ல வைத்தார். மேயர் என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கேட்டார். சட்டைப்பையிலிருந்து சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து விண்ணப்ப இலக்கத்தை எழுதினார். தானே கவனிப்பதாகச் சொன்னார். நான் அழுதுவிட்டேன். அந்த நேரம் எடுத்த படத்தைப் பெரிதாக்கித் தலைவர் தன் பலசரக்குக் கடையில் மாட்டினார்.

புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தபோது, அதைத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வாசிக்கவே இல்லை. "அதை விடுங்கோ ரீச்சர். மேயரே கைப்பட எழுதி எடுத்தவர். இனிப் பேப்பர் போட்டா, தன்னை நம்பேல்லை எண்டெல்லோ நினைப்பார்."

ஊரில் எம்.பி. கடிதம் தந்தால் வேலை கிடைக்கும் என்று பார்த்து வளர்ந்த சனம் நாங்கள். பெரிய மனிதர் வாக்குக் கொடுத்த பிறகு நகரசபைக் கந்தோரில் போய்ப் படிவத்தை நீட்டுவது மரியாதை இல்லை. தலைவரைத் திட்டி என்ன, படித்த நானும்தான் தலையாட்டினேன். கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நகரசபைக்குப் போனால், கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் கணினியைப் பார்த்து, புதுப்பிக்கவில்லை, பெயர் நீக்கியாகிவிட்டது, முதலிலிருந்து போடுங்கள் என்றாள். காத்திருந்த காலமும் கணக்கில் வராதாம். மேயர் எழுதி எடுத்ததைச் சொன்னேன். அவர் எல்லாருடையதையும் எழுதுவார் மதாம் என்றாள். அந்தப் பிள்ளை ஒருத்திதான் எனக்கு உண்மை சொன்னவள்.

இப்போது அந்த மனிதரை நான் வாழ்த்த வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் வாழ்க்கையைத் தமிழாக்கினேன். ரயில்வே தொழிலாளியின் மகன். பள்ளியில் சரித்திரம் படிப்பித்தவர். முப்பத்தைந்து வயதில் மேயர். அதன்பிறகு நின்ற தேர்தல் ஒன்றிலும் தோற்றதில்லை. நீச்சல்குளம் கட்டினார், நூலகம் திறந்தார், டிராம் வண்டிக்காக மந்திரிகளோடு மல்லுக்கட்டினார். ஒன்றும் பொய் இல்லை. என் மகள் அந்த நூலகத்தில் இருந்துதான் படித்து முன்னுக்கு வந்தாள். அதுதான் வயிற்றெரிச்சல். அவர் கெட்டவராக இருந்திருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். "இல்லையென்னாத வள்ளல்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் தலைவர். முடியாது என்றேன். மற்றதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன், ஏனென்றால் என் புது விண்ணப்பம் நகரசபையில் கிடந்தது. எனக்குப் பயம்.

பிரியாவிடையன்று மண்டபம் நிறைந்த சனம். வாழ்த்து மடலை ஒரு பெண் வாசிக்க, மேயர் ஒரு சொல்லும் விளங்காமல் சிரித்துக்கொண்டு நின்றார். எழுதியவள் என்பதால் பொன்னாடையை நான் போர்த்த வேண்டுமாம். எங்கள் கடையில் எடுத்த சிவப்புக் கரைப் பொன்னாடை. விரித்துக்கொண்டு கிட்டப் போனேன். அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. முகம் மலர்ந்து, கணவர் எப்படி இருக்கிறார், புது வீடு வசதியாக இருக்கிறதா என்று கேட்டார்.

இன்னும் அதே ஐந்தாம் மாடிதான் மிசியூ என்றேன். அவர் முகம் உண்மையாகவே வாடியது. வாடிய முகத்தோடு கையைச் சட்டைப்பைக்குள் விட்டு அந்தக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். அடுத்த கிழமை அவர் மேயர் இல்லை.

நான் இலக்கம் சொல்லவில்லை. பொன்னாடையை என் தோளிலேயே போட்டுக்கொண்டு மேடையால் இறங்கினேன். தலைவர் பின்னால் "ரீச்சர், ரீச்சர்" என்று கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை.

ஐந்து மாடியும் ஏறி வந்து, யன்னலோரம் இருந்த என் கணவரின் கால்களில் அதைப் போர்த்தினேன். அவர் நல்ல கையால் சரிகையைத் தடவிப் பார்த்தார்.

"இது மேயருக்கு வாங்கினதெல்லோ?"

"ஓம்."

அவர் அதைக் காலிலிருந்து மெல்ல இழுத்து என்னிடம் நீட்டினார்.

"கசங்காமல் மடிச்சு வையும். புது மேயர் பொங்கலுக்கு வருவார்தானே."